தர்மபுரி - பெங்களூர் ஓட்டத்துக்கு ஹைப்ரிட் வாங்கலாமா, சாதா பெட்ரோலே போதுமா?

தகடூர்_வண்டி
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசமா இதே யோசனை, வீட்ல பேசி பேசி ஒரு முடிவுக்கு வர முடியல, அதான் இங்க கேக்குறேன். இப்ப வச்சிருக்கறது 2013 டீசல் ஸ்விஃப்ட், 2 லட்சத்து 10 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருச்சு. அப்பாவ வாரம் ஒருதடவை பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும், காலைல 5 மணிக்கு தர்மபுரில கிளம்பினா அத்திப்பள்ளி வரைக்கும் ஜம்முனு போயிடலாம், அதுக்கப்புறம் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டுன்னு ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் மிதிச்சே கால் விட்டுப்போகுது. அதனால ஆட்டோமேட்டிக்னு மட்டும் முடிவாயிடுச்சு. டொயோட்டா ஹைரைடர் இல்லன்னா மாருதி கிராண்ட் விட்டாரா, அதுல ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் இஞ்சினோட, தனியா வண்டிய நகர்த்தற மோட்டரும் பேட்டரியும் இருக்கறது) எடுக்கறதா, இல்ல அதே வண்டில சாதா பெட்ரோல் ஆட்டோமேட்டிக் எடுக்கறதா? ஆன்ரோடு வித்தியாசம் எனக்கு குடுத்த கொட்டேஷன்ல 3 லட்சத்து 40 ஆயிரம் வருது. கம்பெனி சொல்ற மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், ஷோரூம்ல அதையே திரும்ப திரும்ப சொல்றாங்க. நம்ம ரோட்ல நெஜமா என்ன வருது, போட்ட காசு திரும்புமா, ஓட்றவங்க சொல்லுங்க.

அரூர்_காட்டுவழி
வேணாம்ங்க. நம்ம ஊர்ல ட்ராஃபிக்கே கிடையாது. தர்மபுரி நாலு ரோட்ட விட்டா எங்க நிக்கப்போறீங்க? 3.40 லட்சத்துக்கு பெட்ரோல் போட்டா 102 ரூபான்னு வச்சாலும் 3,300 லிட்டர் வருது, 15 மைலேஜ்னாலும் 50,000 கிலோமீட்டர் சும்மாவே ஓட்டலாம். அந்த காச பேங்க்ல போட்டு வைங்க.

ஓசூர்_சி_ஷிப்ட்
ப்ரோ எலக்ட்ரிக் பாத்தீங்களா? போச்சம்பள்ளில ஓலா, ஓசூர்ல ஏத்தர்னு நம்ம மாவட்டத்துலயே எலக்ட்ரிக் வண்டி செஞ்சு ஊருக்கெல்லாம் அனுப்பறோம், நாமளே பெட்ரோல் பங்க்ல நிக்கறது மனசுக்கு கஷ்டமா இருக்கு.

தகடூர்_வண்டி
தம்பி, ஆசை இருக்கு. நாங்க மாடில வாடகைக்கு இருக்கோம், கீழ ரோட்ல நிப்பாட்றேன், வயர் இழுக்க வீட்டுக்காரர் ஒத்துக்கல. அதோட ஆஸ்பத்திரில எத்தன மணி நேரம் ஆகும்னு சொல்ல முடியாது, திரும்பி வர்றப்ப அப்பா ரொம்ப சோர்ந்து போயிருப்பாரு, அந்த நேரத்துல சார்ஜருக்கு வண்டிய திருப்பற மாதிரி இருக்கக்கூடாதுன்னு நினைக்கிறேன். சொந்த வீடு கட்டினா கண்டிப்பா அடுத்த வண்டி அதுதான்.

மேலுமலை_வளைவு
நான் சொல்றேன், ஏன்னா நான் ஓட்றேன். கிருஷ்ணகிரில வீடு, எலக்ட்ரானிக் சிட்டில வேலை, வாரத்துல மூணு நாள் ஆபீஸ். ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைப்ரிட், 31,000 கிலோமீட்டர் ஆச்சு. மீட்டர்ல காட்றத நம்பாம டேங்க் ஃபுல் பண்ணி ஃபுல் பண்ணி நோட்டுல எழுதறேன், மொத்த ஆவரேஜ் 20.8.

ஆனா அந்த ஒத்த நம்பர வச்சு முடிவு பண்ணாதீங்க. கிருஷ்ணகிரி 500 மீட்டர் உயரத்துக்கு கொஞ்சம் மேல, ஓசூர் 900 மீட்டர் கிட்ட. போறப்ப மேலுமலை, சூளகிரின்னு ஏறிக்கிட்டே போறீங்க, எனக்கு 18 தாண்டாது. வர்றப்ப அதே ரோடு, அதே ஆளு, 24 வரும். அத்திப்பள்ளி தாண்டி நெரிசல்ல மாட்டினா எல்லாரும் மைலேஜ் போச்சுன்னு புலம்புவாங்க, எனக்கு அங்கதான் 25, 26ன்னு ஏறும். இஞ்சின் பாதி நேரம் ஆஃப்ல இருக்கும், மோட்டர்லயே நகரும்.

ஹைவேல 80-85ல போனா 22. 110ல அழுத்தி போனா 17. பதினேழுதான். சாதா பெட்ரோல் வச்சிருக்கவங்களும் கிட்டத்தட்ட அத வாங்கிடுவாங்க.

பாலக்கோடு_வாத்தியார்
மேலுமலை நண்பர் சொன்னது ஏன் அப்படி வருதுன்னு கொஞ்சம் விளக்கிடறேன், பிசிக்ஸ் பாடம் எடுக்கறவன், பொறுத்துக்கோங்க.

ஹைப்ரிட்டுக்கு வெளியில இருந்து கரண்ட் வர்றதில்ல. எல்லா சக்தியும் நீங்க போடற பெட்ரோல்ல இருந்துதான். அப்ப மிச்சம் எங்க இருந்து வருது? ஒண்ணு, பிரேக் பிடிக்கறப்ப சூடா வீணாப்போற சக்திய மோட்டரே ஜெனரேட்டரா மாறி பிடிச்சு பேட்டரில போடுது. ரெண்டு, வண்டி நிக்கறப்பவும் ஊர்றப்பவும் இஞ்சின் அணைஞ்சிருக்கு. மூணு, இஞ்சின் அட்கின்சன் முறைல ஓடறதால அதே பெட்ரோல்ல கொஞ்சம் கூடுதலா வேலை வாங்குது. அந்த முறைல கீழ் வேகத்துல இழுவை கொறையும், அந்த கொறைய மோட்டர் சரிக்கட்டுது.

இப்ப பாளையம் டோல்ல இருந்து காவேரிப்பட்டணம் வரைக்கும் ஒரே சீரா 100ல போறீங்கன்னு வைங்க. பிரேக்கே பிடிக்கல, அதனால முதல் லாபம் இல்ல. வண்டி நிக்கல, ரெண்டாவதும் இல்ல. மூணாவது மட்டும்தான் மிச்சம். அதோட காத்து எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும், 80ல இருந்து 110 போனா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அத எந்த மோட்டரும் திருப்பி வாங்கிக் குடுக்காது.

தொப்பூர் கணவாய பத்தியும் சொல்லணும், ஏன்னா "இறக்கம் முழுக்க சார்ஜ் ஏறும்"னு நம்ம ஊர்ல நிறைய பேர் நம்பறாங்க. ஆள் சாமானோட வண்டி 1,400 கிலோன்னு வைங்க, 100 மீட்டர் உயரம் இறங்கினா கிடைக்கற சக்தி 1400 × 9.8 × 100, சுமார் 13,72,000 ஜூல், அதாவது 0.38 யூனிட். ஹைரைடர், கிராண்ட் விட்டாரா பேட்டரி மொத்தமே 0.76 யூனிட். அதையும் முழுசா காலி பண்ணி முழுசா நிரப்ப விடமாட்டாங்க, ஆயுசு போயிடும்னு நடுவுலயே வச்சிருப்பாங்க. அதனால நீள இறக்கத்துல பாதி வழிலயே பேட்டரி நிறைஞ்சிடும், அதுக்கப்புறம் வர்ற சக்திய வைக்க இடம் இல்ல. இங்கதான் ஆபத்து. மோட்டர் பிடிக்கும்னு நம்பிக்கிட்டு வெறும் பிரேக் மேலயே காலை வைக்காதீங்க, கியர் லீவர்ல 'பி'ன்னு (இங்கிலீஷ் B, பார்க்கிங் P இல்ல) ஒரு இடம் இருக்கும், அதுல போட்டா இஞ்சினே வண்டிய பிடிச்சு இறக்கும். தொப்பூர் ரெட்டைப் பாலத்துக்கிட்ட எத்தன விபத்து பாத்துட்டோம், இத டெலிவரி எடுக்கறப்பவே ஒவ்வொருத்தருக்கும் சொல்லித்தரணும்னு நான் நினைக்கிறேன்.

மேலுமலை_வளைவு
சார் ரொம்ப நன்றி. சேலம் போறப்ப தொப்பூர்ல திடீர்னு இஞ்சின் சத்தமா உறுமும், ஆக்சிலேட்டர் மிதிக்கவே இல்லையேன்னு பயந்து ஓரங்கட்டி பாத்திருக்கேன். இப்பதான் புரியுது, பேட்டரி ஃபுல் ஆனதும் இஞ்சின சுத்த விட்டு சக்திய கழிக்குது போல.

பாலக்கோடு_வாத்தியார்
அதேதான். கோளாறு இல்ல, பயப்படாதீங்க.

கிருஷ்ணகிரி_டாக்ஸி
நான் வண்டி விட்டு பொழைக்கறவன், என் கணக்க சொல்றேன். ரெண்டு வண்டி இருக்கு, ஒண்ணு இன்னோவா கிரிஸ்டா டீசல், ஒண்ணு இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட். ரெண்டும் மாசம் 5,000 ஓடுது. கிரிஸ்டா ஏசி போட்டு ஆள் நிரப்பி 12 குடுக்கும், டீசல் 94ன்னு வச்சா கிலோமீட்டருக்கு 7 ரூவா 80 காசு. ஹைகிராஸ்க்கு கம்பெனி சொல்றது 23.24, எனக்கு 16 வருது, ஏன்னா ஏர்போர்ட் ட்ரிப்னா பையன் மெதுவா ஓட்டமாட்டான், பாசஞ்சரும் விடமாட்டாங்க. 16ன்னா 6 ரூவா 40 காசு. மாசத்துக்கு 7,000 மிச்சம். கேக்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா பாருங்க, வண்டி விலைலயே 6 லட்சம் கிட்ட கூட. அதுக்கு வட்டி யாரு கட்றது? அடுத்தது, ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருஷம் இல்லன்னா 1,60,000 கிலோமீட்டர், எது முன்னாடி வருதோ அதுவரைக்கும்தான் வாரண்டி. வருஷம் 60,000 ஓட்றவனுக்கு அது மூணு வருஷம்கூட முழுசா இல்ல. 8 வருஷம்னு ஷோரூம்ல பெருசா சொல்லுவாங்க, அந்த ரெண்டாவது நம்பர சின்னதா சொல்லுவாங்க. கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் மலை ரோட்டுக்கு ட்ரிப் வந்தா நான் இன்னும் கிரிஸ்டாதான் அனுப்பறேன். ரியர் வீல் டிரைவ், லேடர் சேசிஸ் (லாரி மாதிரி அடில தனி இரும்பு சட்டம்), சாமான் ஏத்தினாலும் கலங்காம ஏறும். ஏர்போர்ட்னா ஹைகிராஸ். சத்தம் இல்ல, பின்னாடி உக்காந்தவங்க தூங்கிடுவாங்க, அடுத்த ட்ரிப்புக்கும் அதே வண்டி அனுப்புங்கன்னு போன் வருது. அது காசுல எழுத முடியாத லாபம், எனக்கு.

அரூர்_காட்டுவழி
அண்ணா சொன்ன வட்டி விஷயத்த யாருமே பேசறதில்ல. 3.40 லட்சம் அதிகமா லோன் போட்டா 9 பர்சன்ட்ல முதல் வருஷமே 30,000 கிட்ட வட்டிக்கே போகுது. மைலேஜ்ல மிச்சம் பண்ணத பேங்க்குக்கு கட்றோம்.

ஊத்தங்கரை_நிலா
ஒரு சந்தேகம், தப்பா நினைக்காதீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பழைய வண்டி வாங்கினேன், பின்னாடி ஹைப்ரிட்னு போர்டு ஒட்டியிருக்கும், வித்தவர் மோட்டர்லயே ஓடும் மேடம், 30 மைலேஜ்னு சொன்னாரு. அதுக்குன்னே 60,000 அதிகமா குடுத்தேன். ஒருநாள்கூட மோட்டர்ல ஓடல. சிக்னல்ல நின்னா இஞ்சின் ஆஃப் ஆகுது, அவ்வளவுதான். என் வண்டில ஏதாவது கெட்டுப்போச்சா?

பேட்டை_ஸ்பேனர்
அக்கா வண்டில ஒண்ணும் கெடல, உங்கள ஏமாத்திட்டாங்க. அது மைல்டு ஹைப்ரிட். மாருதில 2015ல சியாஸ்ல எஸ்ஹெச்விஎஸ்னு ஆரம்பிச்சாங்க, அப்புறம் எர்டிகா, இன்னும் பல வண்டில வந்துச்சு. ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் ஒண்ணா சேந்த மாதிரி ஒரு சின்ன மோட்டர், பெல்ட்ல சுத்தும், இஞ்சின் இழுக்கறப்ப லேசா கை குடுக்கும், சிக்னல்ல அணைச்சு திரும்ப எழுப்பும். தனியா வண்டிய நகர்த்த அதுக்கு தெம்பு கிடையாது. தகடூர் அண்ணா நீங்க கேக்கற "சாதா பெட்ரோல்" கிராண்ட் விட்டாராவும் இந்த மைல்டு வகைதான், அதுலயும் ஹைப்ரிட்னுதான் சொல்லி விப்பாங்க, குழம்பிடாதீங்க. ஸ்ட்ராங் ஹைப்ரிட்னா வண்டி மோட்டர்ல மட்டுமே கிளம்பணும், டிரைவ் பண்ணி பாத்தா உங்களுக்கே தெரிஞ்சிடும்.

நான் ஒர்க்ஷாப் வச்சிருக்கேன், அதனால ரிப்பேர் பக்கம் சொல்றேன். ஹைப்ரிட்னா செலவு ஜாஸ்தின்னு பேசறவங்க இத கேளுங்க, இந்த டொயோட்டா முறைல கிளட்ச் பிளேட் இல்ல, ஸ்டார்ட்டர் மோட்டர் இல்ல, ஆல்டர்னேட்டர் இல்ல, கியர்பாக்ஸ்ல ரப்பர் பெல்ட்டோ இரும்பு பெல்ட்டோ கிடையாது, நடுவுல ஒரு பல்சக்கரம் அத சுத்தி சின்ன பல்சக்கரங்க, ரெண்டு மோட்டர், அவ்வளவுதான், பேருக்குத்தான் ஈ-சிவிடி, பெல்ட்ல ஓடற சாதா சிவிடி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பிரேக் பாதிக்கு மேல மோட்டரே பிடிக்கறதால பேடு ரொம்ப நாள் வரும். அதாவது தேஞ்சு போற சாமான் கம்மி.

ஆனா இதுக்கு மறுபக்கம் என்னன்னா கெட்டுப்போனா எங்கள மாதிரி ஆளுங்க கைய வைக்க முடியாது, ஆரஞ்சு கலர் வயர் எங்க போகுதோ அங்க எல்லாம் ஆளை தூக்கி அடிக்கற வோல்டேஜ், ட்ரெய்னிங் இல்லாதவன் தொடக்கூடாது, நானும் தொடமாட்டேன். கம்பெனி சர்வீஸ்தான் கதி. இன்னொண்ணு, பெரிய பேட்டரி எவ்வளவு நல்லா இருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி படுத்துட்டா 'ரெடி' லைட் எரியாது, வண்டி கிளம்பாது, தள்ளி ஸ்டார்ட் பண்றதுன்னு ஒரு வழியே கிடையாது. வெளியூர் போயிட்டு மூணு வாரம் கழிச்சு வர்றவங்க இதுல மாட்டறாங்க. ஜம்பர் வயர் ஒண்ணு வண்டில போட்டு வைங்க.

அப்புறம் பேட்டரிக்கு காத்து இழுக்க உள்ள சல்லடை மாதிரி ஒரு துவாரம் இருக்கும், நிறைய வண்டில பின்சீட் ஓரமா. அதுல தூசி அடைச்சா பேட்டரி சூடாகும். போன மாங்கா சீசன்ல ஒருத்தர் பின்சீட்ட மடிச்சு பெங்களூரா மாங்கா கிரேட்டா அடுக்கி அந்த துவாரத்தையே மறைச்சு ஓட்டிருக்காரு, டேஷ்போர்டுல வார்னிங் வந்ததும் என்கிட்ட ஓடி வந்தாரு. சாமான எறக்கி சல்லடைய ஊதி விட்டேன், கொஞ்ச நேரத்துல சரியாச்சு.

ஊத்தங்கரை_நிலா
ரொம்ப நன்றி தம்பி. ரெண்டு வருஷமா வண்டி மேலதான் குறைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். மத்தவங்களாவது இத படிச்சிட்டு போய் பேசட்டும்.

ஓசூர்_சி_ஷிப்ட்
பேட்டரி 5 வருஷத்துல போயிடும், மாத்தணும்னா வண்டி விலை ஆகும்னு வாட்ஸ்அப்ல வருதே, அது?

பேட்டை_ஸ்பேனர்
ஹைப்ரிட் நேத்து வந்த டெக்னாலஜி இல்ல தம்பி. ஜப்பான்ல பிரியஸ் 1997 டிசம்பர்லயே வந்துடுச்சு. இந்தியாலகூட 2008லயே ஹோண்டா சிவிக் ஹைப்ரிட் வித்தாங்க. அஞ்சு வருஷத்துல எல்லா பேட்டரியும் போறதா இருந்தா 8 வருஷ வாரண்டி எந்த கம்பெனி குடுக்கும்? சூடும் தூசியும்தான் எதிரி. வெயில்ல நிப்பாட்றது கம்மி பண்ணுங்க, சல்லடைய சுத்தமா வைங்க. மாத்தற விலை மாடலுக்கு மாடல் மாறும், வாங்கறதுக்கு முன்னாடியே ஸ்பேர்ஸ் கவுண்டர்ல எழுதி கேளுங்க.

வரி_கணக்கு_தர்மபுரி
வரி பக்கம் யாரும் தொடல. முன்னாடி பெரிய ஹைப்ரிட் வண்டிக்கு ஜிஎஸ்டி 28, செஸ் 15, மொத்தம் 43 பர்சன்ட். 4 மீட்டருக்கு மேல உள்ள 1500 சிசி வரைக்குமான பெட்ரோல் வண்டிக்கு 45. கொஞ்சமாவது ஹைப்ரிட்டுக்கு சாதகம் இருந்துச்சு. 2025 செப்டம்பர் 22ல இருந்து ரெண்டுக்குமே 40. எலக்ட்ரிக்குக்கு 5. அதாவது பெட்ரோல் வண்டிக்கு 5 பாயிண்ட் கொறஞ்சுது, ஹைப்ரிட்டுக்கு 3தான்.

நம்ம மாநிலத்துல லைஃப் டாக்ஸ் 2023 நவம்பர்ல ஏத்தினாங்க, 10 லட்சத்துல இருந்து 20 லட்சம் வரை 18 பர்சன்ட், அதுக்கு மேல 20. வண்டி விலைல 3 லட்சம் வித்தியாசம்னா அந்த 3 லட்சத்துக்கும் 18 பர்சன்ட் டாக்ஸ், 54,000. உத்தரப்பிரதேசத்துல 2024ல ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு பதிவு வரிய எடுத்துட்டாங்க, இங்க சலுகை எலக்ட்ரிக்குக்குத்தான். பெட்ரோல் மிச்சம் பண்ற வண்டிக்கு கூடுதல் வரி கட்ட வைக்கறது எனக்கு நியாயமா படல, இத வெளிப்படையாவே சொல்றேன்.

அரூர்_காட்டுவழி
பாத்தீங்களா. அதே செப்டம்பர் மாத்தத்துல சின்ன கார் 18 பர்சன்ட்டுக்கு வந்துடுச்சு. புது ஸ்விஃப்ட் பெட்ரோல் மேனுவலுக்கு கம்பெனி மைலேஜ் 24.80, ஏஎம்டிக்கு (மேனுவல் கியர்பாக்ஸயே தானா மாத்தற ஆட்டோமேட்டிக்) 25.75. எந்த ஹைப்ரிட்டும் இல்லாம. வண்டி வெயிட் கம்மி, அதனால வருது. பெரிய வண்டிய வாங்கி அதுக்கு பேட்டரி மாட்டி மைலேஜ் தேடறதுக்கு பதிலா சின்ன வண்டிய வாங்கினா பாதி காசுல முடிஞ்சுது. அரூர்ல இருந்து தீர்த்தமலைக்கும் சேலத்துக்கும் நான் இத்தன வருஷமா சின்ன வண்டிலதான் போறேன், அஞ்சு பேரு.

தகடூர்_வண்டி
அரூர் அண்ணா சொல்றதுல உண்மை இருக்கு. ஆனா அப்பாவுக்கு குனிஞ்சு ஏற முடியல. ஸ்விஃப்ட்ல ஏத்தி இறக்கறதுக்குள்ள அவருக்கு மூச்சு வாங்குது. சீட் கொஞ்சம் உயரமா இருக்கணும்னுதான் இந்த ரெண்டு வண்டிய பாக்குறேன். சிஎன்ஜியும் யோசிச்சேன், டிக்கில சிலிண்டர் வந்துடுது, வீல்சேர் வைக்கணும்.

பாலக்கோடு_வாத்தியார்
அப்ப ஒரு வேலை பண்ணுங்க. பேப்பர்ல எழுதுங்க. மாசத்துக்கு எத்தன கிலோமீட்டர்னு மொத்தமா வேணாம், அதுல நின்னு நின்னு போறது எவ்வளவு, ஒரே ஓட்டமா போறது எவ்வளவுன்னு பிரிச்சு போடுங்க. ஒரு மாசம் எழுதிட்டு வாங்க, கணக்கு போட்டு பாப்போம்.

கிருஷ்ணகிரி_டாக்ஸி
வாத்தியார் சொல்றது சரி. ஷோரூம்காரன் கேக்க மாட்டான் இத.

தகடூர்_வண்டி
ஒரு மாசம் எழுதிட்டேன். மொத்தம் 1,900 கிலோமீட்டர். அதுல பெங்களூர் நெரிசல், ஓசூர் டவுன், தர்மபுரிக்குள்ள பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், ஸ்கூல் எல்லாம் சேத்து 700. மீதி 1,200 ஹைவே, நான் 90க்கு மேல போறதில்ல, அப்பா பயப்படுவாரு.

பாலக்கோடு_வாத்தியார்
நல்லது. சாதா பெட்ரோல் ஆட்டோமேட்டிக் நெரிசல்ல 11, ஹைவேல 17ன்னு வைங்க. ஹைப்ரிட் நெரிசல்ல 23, ஹைவேல 20.

சாதா வண்டிக்கு 700ஐ 11ஆல வகுத்தா 64 லிட்டர், 1,200ஐ 17ஆல வகுத்தா 70 லிட்டர், மொத்தம் 134. ஹைப்ரிட்டுக்கு 30ம் 60ம், மொத்தம் 90. மாசம் 44 லிட்டர் மிச்சம், 102 ரூபான்னா சுமார் 4,500. வருஷத்துக்கு 54,000 கிட்ட. 3.40 லட்சம் திரும்ப 6 வருஷத்துக்கு மேல ஆகும், வட்டி சேக்காம.

ஆனா இத பாருங்க, அந்த 44 லிட்டர்ல 34 லிட்டர் அந்த 700 கிலோமீட்டர்ல இருந்து வருது. 1,200 கிலோமீட்டர் ஹைவே ஓட்டி நீங்க மிச்சம் பண்றது வெறும் 10 லிட்டர். பெங்களூர் பயணம் நின்னுடுச்சுன்னா இந்த கணக்கே படுத்துடும். வைத்தியம் இன்னும் எவ்வளவு காலம்னு நான் கேக்க மாட்டேன், அது உங்க வீட்டு விஷயம், ஆனா கணக்கு அதுலதான் நிக்குது.

கிருஷ்ணகிரி_டாக்ஸி
வருஷம் 22,800 ஓட்டினா 1,60,000 கிட்டத்தட்ட ஏழு வருஷத்துலயே வந்துடும். காசு திரும்பறதும் வாரண்டி முடியறதும் கிட்டத்தட்ட ஒண்ணா வருது தம்பி. அதையும் மனசுல வச்சுக்கோங்க.

அரூர்_காட்டுவழி
நான் சொன்னதுதான் ஆச்சு. 6 வருஷம்.

மேலுமலை_வளைவு
அண்ணா 6 வருஷம் சரி, ஆனா அவரு ஸ்விஃப்ட்ட 2013ல இருந்து வச்சிருக்காரு. வண்டிய அஞ்சு வருஷத்துல மாத்தறவங்களுக்கு இது நஷ்டம், பத்து பன்னெண்டு வருஷம் வச்சு ஓட்றவங்களுக்கு வேற.

காசுக்கு வெளிய ஒண்ணு சொல்றேன். போன மழைல சில்க் போர்டுக்கிட்ட ஒன்றரை மணி நேரம் நின்னேன், அம்மா பின்னாடி. ஏசி கம்ப்ரசர் கரண்ட்ல ஓடறதால இஞ்சின் அணைஞ்சிருந்தாலும் குளிர் நிக்கல, அப்பப்ப இஞ்சின் தானா வந்து பேட்டரிய நிரப்பிட்டு திரும்ப அணைஞ்சிடும். ஆட்டம் இல்ல, சத்தம் இல்ல. அம்மா தூங்கிட்டாங்க. உடம்பு முடியாதவங்கள வச்சுக்கிட்டு போறவங்களுக்கு அது எவ்வளவு பெருசுன்னு உங்களுக்கே தெரியும்.

ஆனா ஒரு குறைய மறைக்கக்கூடாது. மேலுமலை ஏத்தத்துல லாரிய ஓவர்டேக் பண்ண அழுத்தினா இஞ்சின் கத்தும், வண்டி அந்த கத்தலுக்கு ஏத்த வேகத்துல போகாது. மூணு சிலிண்டர். முன்னாடியே இடம் பாத்து வச்சு ஓவர்டேக் பண்ணணும். டீசல் ஸ்விஃப்ட் இழுவைக்கு பழகின காலு, முதல் ஒரு மாசம் கஷ்டமா இருக்கும். அப்புறம் டிக்கி. பேட்டரி பின்னாடி உக்காந்திருக்கறதால சாதா மாடல விட 100 லிட்டர் கிட்ட இடம் கம்மி. வீல்சேர்னு சொன்னீங்களே, அத கைல எடுத்துட்டே ஷோரூம் போங்க.

ஊத்தங்கரை_நிலா
இது ரொம்ப முக்கியம்ங்க. என் மாமியாருக்கு வீல்சேர் வந்தப்பதான் டிக்கின்னா என்னன்னே எனக்கு தெரிஞ்சுது. மடிச்சு வச்சு பாத்துட்டு, மூடியும் பாருங்க. பாதி ஷோரூம்ல டிக்கிய மூடாமயே "வந்துடுச்சு சார்"ம்பாங்க.

தகடூர்_வண்டி
போன ஞாயித்துக்கிழமை போனேன், அப்பாவையும் வீல்சேரையும் கூட்டிட்டு. மேலுமலை அண்ணா, நிலா அக்கா, நீங்க சொல்லலன்னா நான் சத்தியமா எடுத்துட்டு போயிருக்க மாட்டேன்.

ஹைப்ரிட் டிக்கில வீல்சேர் படுக்க வைக்க முடியல. நிக்க வச்சா கதவு மூடல. சாதா மாடல்ல படுக்க வச்சு பக்கத்துல ஒரு பையும் வச்சு மூடிடுச்சு. அந்த இடத்துல எனக்கு முடிவு மாறிடுச்சுன்னே நினைச்சேன். அப்புறம் பின்சீட்ல சின்ன பக்கத்த மட்டும் மடிச்சு பாத்தோம், வீல்சேர் நீட்டமா உள்ள போய் கதவும் மூடிடுச்சு. பின்னாடி ரெண்டு பேர் உக்காரலாம். ஆஸ்பத்திரி ட்ரிப்ல எப்பவும் நான், அப்பா, அம்மா மூணு பேர்தான், அப்பா முன்சீட். பேட்டை அண்ணா சொன்ன அந்த காத்து சல்லடை எங்க இருக்குன்னு சேல்ஸ் பையன்கிட்ட காட்டச்சொல்லி, வீல்சேர் அத மறைக்கலன்னும் குனிஞ்சு பாத்துட்டேன்.

டெஸ்ட் டிரைவ் டவுனுக்குள்ளயே கேட்டேன், ஹைவே வேணாம்னுட்டேன். மார்க்கெட் நெரிசல்ல ஒரு சுத்து. அப்பா முன்னாடி உக்காந்திருந்தாரு, அஞ்சு நிமிஷம் கழிச்சு "வண்டி ஸ்டார்ட் பண்ணலையா"ன்னு கேட்டாரு. அப்பவே பாதி கிலோமீட்டர் வந்திருந்தோம்.

பேட்டரி விலையும் வாரண்டி ரெண்டு நம்பரும் எழுதி வாங்கிட்டேன். லோன் ரொம்ப ஏத்தாம, ஸ்விஃப்ட் வித்த காசோட கைல இருக்கறதையும் போட்டு, வித்தியாசத்துல பாதிய ரொக்கமா கட்றேன். அரூர் அண்ணா, உங்க கணக்கு தப்புன்னு சொல்லல, வாரம் பெங்களூர் போற வேலை இல்லன்னா நீங்க சொன்னதத்தான் செஞ்சிருப்பேன். ஹைப்ரிட்டே புக் பண்ணிட்டேன்.

அரூர்_காட்டுவழி
அப்பாவுக்காகன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் தம்பி. நல்லபடியா ஓட்டுங்க. சேலம் பக்கம் இறங்கறப்ப அந்த 'பி'ய மறக்காதீங்க.

மேலுமலை_வளைவு
டெலிவரி எடுத்ததும் முதல் டேங்க்ல இருந்தே எழுதுங்க, போறது தனி வர்றது தனி. தர்மபுரில இருந்து ஏத்தம் எனக்கு வர்றத விட நீளம், உங்க நம்பர் எப்படி வருதுன்னு பாக்கணும்.

தகடூர்_வண்டி
எழுதறேன் அண்ணா. நோட்டு ஏற்கனவே வாங்கி வச்சாச்சு, முதல் பக்கத்துல ஸ்விஃப்ட்டோட கடைசி பெங்களூர் ட்ரிப் இருக்கு, 284 கிலோமீட்டர், 15.9 லிட்டர் டீசல்.